ஓனீட்டா இழுத்துக் கொடுத்த துப்பாக்கி

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஓனீட்டா ஸ்ட்ரவுட் ரொட்டியை அடுப்புக்குள் தள்ளிவிட்டு, மாவுக் கையைக் கழுவித் துடைத்து, கணவரின் துப்பாக்கியை எடுத்துக்கொள்வாள். தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைச் செருகி, மேலே இருக்கிற ஸ்லைடைப் பலமாகப் பின்னால் இழுத்து விடுவாள். முதல் தோட்டா குழலுக்குள் ஏறி உட்காரும் சத்தம் கேட்கும். பாதுகாப்புப் பூட்டைத் தள்ளி, குழல் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி மேஜைமேல் வைப்பாள். இவ்வளவு நேரமும் வெர்லின் ஸ்ட்ரவுட் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார். வெளியே பார்ப்பதற்கு என்று ஒன்றும் கிடையாது. ஒரு கம்பி வேலி, அதற்கப்பால் பக்கத்துப் பண்ணைக்காரனின் மாடுகள், அவ்வளவுதான். ஆனால் மனைவியின் கையைப் பார்ப்பதைவிட மாடுகளைப் பார்ப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

"ஆச்சு," என்பாள் ஓனீட்டா.

"ம்," என்பார் அவர். நன்றி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அப்படி ஒன்று நடக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஓக்லஹோமாவின் தெற்கு ஓரத்தில், மல்பெரி என்கிற சின்ன ஊரில், வெர்லினைத் தெரியாதவர்கள் இல்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் பண்ணை வீடுகளுக்குக் காஸ் நிரப்புகிற லாரி ஓட்டியவர். பனி கொட்டி, சாலையெல்லாம் கண்ணாடியாய் உறைந்து, மற்றவர்கள் போர்வைக்குள் சுருண்டு கிடந்த நாட்களில் எத்தனையோ வீடுகளுக்கு வெர்லினின் லாரிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்கு விலையாகப் போனவை அவருடைய கட்டைவிரல்கள். ரப்பர் குழாயை இழுத்து இழுத்து, உறைந்த வால்வுகளைத் திருகித் திருகி, இரண்டு கட்டைவிரல்களின் அடிமூட்டும் தேய்ந்து, வீங்கி, ஒருபக்கமாகத் துருத்திக்கொண்டு நின்றன. ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியாது. சட்டைப் பொத்தான் போடுவதற்குள் காபி ஆறிவிடும். இதெல்லாம் ஓனீட்டாவுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது.

ஊருக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய வாய்தான். யாரையும் சிரிக்க வைத்துவிடுவார். அதில் பாதிப் பேர் தங்களைப் பார்த்தே சிரிக்க வேண்டியிருக்கும். குறிப்பாகத் துப்பாக்கி விஷயத்தில் அவரிடம் மாட்டினால் தப்ப முடியாது. அவர் இடுப்பில் இருப்பது நாற்பத்தைந்து, அதாவது குழல் வாய் கிட்டத்தட்ட அரை அங்குலம். முழு இரும்பு, முழு அளவு, கனமோ கனம். அதைவிடச் சின்னக் குழல் உள்ள எதையும் அவர் துப்பாக்கிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஒன்பது மில்லிமீட்டர் வைத்திருப்பவனைப் பார்த்தால், "உடம்பு சரியில்லையா தம்பி?" என்று கேட்பார். அதற்கும் சின்னதாக, அங்குலத்தில் நூறில் முப்பத்திரண்டு பங்கு, இருபத்திரண்டு பங்கு என்று யாராவது பேச்செடுத்தால் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு துக்கம் விசாரிப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் தன் துப்பாக்கியின் ஸ்லைடைத் தானே இழுக்க முடியாமல், மனைவியை இழுக்கச் சொல்லிவிட்டு மாடு பார்க்கிறார் என்றால், வெட்கத்துக்கு வேறு எங்கே போவது?

வெளியே போகும்போது மட்டும் தோட்டா, வீட்டுக்கு வந்ததும் காலி. இது ஓனீட்டா போட்ட சட்டம். முதல் பேரப்பிள்ளை தவழ ஆரம்பித்த நாளில் போட்டாள், இன்றுவரை மாற்றவில்லை. அதனால்தான் ஞாயிறுதோறும் இந்தச் சடங்கு. சர்ச்சுக்கு அவர் வெறுமனே போவதில்லை. வாசல் காவல் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஆராதனை நடக்கும்போது நான்கு ஆண்கள் முன்கூடத்தில், அக்கினி வெயிலிலும் கோட்டு மாட்டிக்கொண்டு, வருபவர்களுக்குக் கை கொடுத்து, குழந்தைகளுக்குப் புதினா மிட்டாய் கொடுத்து நிற்பார்கள். கோட்டு எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். கட்டிப்பிடித்து வாழ்த்துகிற பெண்கள் பழக்கத்தால் இடது பக்கமாகவே வந்து கட்டிக்கொள்வார்கள்.

வசந்த காலத்தில் ஒரு புதன்கிழமை, சர்ச்சுக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து உண்ணும் இரவுச் சாப்பாட்டில் ட்வைலா ஹார்கிஸ் அவரிடம் வந்தாள். ட்வைலா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், விதவை. சர்ச்சின் பின்பக்கம் இருக்கிற குழந்தைகள் அறையைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவளும் அவள்தான்.

"பிரதர் வெர்லின், ஒண்ணு கேக்கணும். நீங்க நாலு பேரும் முன்வாசல்லதான் நிக்கிறீங்க. பின்கதவு பிள்ளைங்க ரூமுக்குப் பக்கத்துல இருக்கு. அங்க யாரு?"

"நீ இருக்கியேம்மா."

"அதான் கேக்குறேன். என்னையும் குழுவுல சேர்த்துக்குங்க. லைசென்ஸ் இருக்கு, பயிற்சியும் முடிச்சாச்சு."

"துப்பாக்கி?"

மேஜையில் எல்லோரும் இவர்கள் பக்கம் திரும்பியிருந்தார்கள். "முப்பத்திரண்டு," என்றாள் ட்வைலா. "சின்னதுதான். என் கைக்கு அதான் சரியா வருது."

வெர்லின் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கரண்டியைக் கீழே வைத்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம், எல்லோருக்கும் தெரியும்.

"அதை வெச்சு நீ ஒருத்தனைச் சுட்டேன்னு வை, அவன் நேரா உங்கிட்ட வந்து, 'ஏன்மா கிள்ளினே?'ன்னு கேப்பான்."

கூடம் குலுங்கியது. டப் ப்ரூயிட் சிரித்த சிரிப்பில் அவனுக்கு ஐஸ் டீ புரை ஏறியது. டப், ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். பின்பக்கம் ஒரு கண்ணாடி மேஜையில் துப்பாக்கியும் விற்பான். வெர்லினுக்குச் சிறுவயதுக் கூட்டாளி, காவல் குழுவில் அடுத்த ஆள். ட்வைலாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் தட்டை எடுத்துக்கொண்டு பெண்கள் மேஜைக்குப் போனாள். பின்கதவுக்கு யார் என்ற கேள்வி அங்கேயே நின்றுவிட்டது. யாரும் அதை மறுபடி எடுக்கவில்லை.

இலையுதிர் காலத்தில், அமரில்லோவில் இருக்கிற மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. ஓனீட்டா கிளம்ப வேண்டும். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே கேட்டாள்:

"நான் இல்லாதப்போ அதை யாரு இழுப்பா?"

"எதை?"

"வெர்லின்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"சின்னதா ஒண்ணு வாங்கிக்கோயேன். இழுக்கச் சுலபமா இப்போ என்னென்னமோ வருதாமே. டப்கிட்ட கேளு."

"டப்கிட்டயா?" என்றார் வெர்லின். மனைவி தன்னை நடுத்தெருவில் துணியில்லாமல் நிற்கச் சொன்னதுபோல் இருந்தது அவர் கேட்ட விதம்.

டப்பிடம் கேட்கவில்லை. எல்லையில் ஓடும் ஆற்றைத் தாண்டி டெக்ஸாஸ் பக்கம், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு ஊருக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனார். துப்பாக்கிக் கடைக்கு முன்னால் நிறுத்தாமல், பக்கத்துத் தீவனக் கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு நடந்து போனார். கள்ளச்சாராயம் வாங்கப் போகிறவன்கூட இவ்வளவு திரும்பித் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான்.

மேஜைக்குப் பின்னால் ஒரு இளம்பெண் நின்றாள். நகமெல்லாம் நீளமாக வளர்த்து ஊதாச் சாயம் பூசியிருந்தாள்.

"என்ன பாக்குறீங்க சார்?"

"மனைவிக்கு," என்றார் வெர்லின், கேள்வி முடியும் முன்பே.

"அவங்க வரலையா? பொண்டாட்டிக்குத் துப்பாக்கி வாங்குறது செருப்பு வாங்குற மாதிரி சார். போடுறவங்க வந்து போட்டுப் பாக்கணும்."

இதே வாக்கியத்தை வெர்லின் தானே எத்தனையோ புருஷன்மார்களுக்குச் சொல்லியிருக்கிறார். இப்போது எதிர்ப்பக்கம் நின்று கேட்கும்போது காது சுட்டது.

"அவளுக்குக் கை வலி. வர முடியாது."

"எந்த இடத்துல வலி?"

"கட்டைவிரல் அடியில. பிடிச்சு இழுக்க வராது. பிடிச்சாலும் பலம் நிக்காது. பாதி வரும், அப்புறம் நழுவிடும். காலையில ரொம்ப மோசம்." மனைவியின் கையைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லக் கேட்டவள், ஒரு நிமிஷம் அவர் கையைப் பார்த்தாள். அவர் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

கண்ணாடிக்கு அடியிலிருந்து உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்றை எடுத்தாள். காலியா என்று பார்த்து, அவருக்கும் காட்டினாள். "இதுல இழுக்கவே வேணாம். பாருங்க." பக்கத்தில் இருந்த சின்ன நெம்புகோலை நகத்தால் தள்ளினாள். குழல், பின்பக்கத்திலிருந்து பெட்டி மூடி மாதிரி தானாக எழும்பி நின்றது. "முதல் தோட்டாவை நேரா இதுக்குள்ள போடணும். அழுத்தி மூடணும். முடிஞ்சுது. சத்தமும் கம்மி, உதைப்பும் கம்மி. பைக்குள்ளயே இருக்கும், இடுப்புல கட்ட வேணாம்."

அவர் வாங்கிப் பார்த்தார். நெம்புகோலைத் தள்ளினார், குழல் எழும்பியது. மூடினார். மறுபடி தள்ளினார். வலியில்லாமல் ஒரு வேலையை அவர் கை செய்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே நினைவில்லை. உள்ளங்கையில் அது அவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்திருந்தது. ஒரு கணம் சந்தோஷமாகவே இருந்தது.

"இது எந்த அளவு?"

"முப்பத்திரண்டு சார்."

ஏன்மா கிள்ளினே? அவருடைய சொந்தக் குரல், அந்தக் கூடத்துச் சிரிப்போடு சேர்ந்து காதில் விழுந்தது. துப்பாக்கியைக் கண்ணாடிமேல் வைத்தார்.

"அவளுக்கு இது பிடிக்காது. அவ பெரிசா இருந்தாத்தான் ஒத்துப்பா."

"கேட்டுட்டு வாங்க சார்," என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "எங்கப்பாவுக்கும் இதே கை. அவரும் முதல்ல அம்மாவுக்குன்னுதான் கேட்டாரு."

வெர்லின் தீவனக் கடைக்குத் திரும்பி வந்து, வேண்டாத ஒரு மூட்டை கோழித் தீவனம் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். அவர்கள் வீட்டில் கோழி கிடையாது.

ஓனீட்டா கிளம்பும் காலையில் ஒரு வழி சொன்னார். அவள் ஒரு தடவை இழுத்து வைத்துவிட்டுப் போகட்டும், அவள் வரும்வரை அவர் அதைக் காலி செய்யவே போவதில்லை. வீட்டில்தான் குழந்தைகள் யாரும் இல்லையே. ஓனீட்டாவுக்கு மனசே இல்லை. அவளை அழைத்துப்போக வந்த வண்டி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இழுத்து, பூட்டி, வைத்தாள். இந்தத் தடவை "ஆச்சு" என்று சொல்லவில்லை.

ஆக, தோட்டா ஏறி, விசைச் சுத்தியல் விறைத்து, சுடத் தயாராக நிற்கும் நாற்பத்தைந்து, வெர்லினோடு போகும் இடமெல்லாம் போயிற்று. காலி செய்தால் மறுபடி ஏற்ற முடியாது என்பதால் அதை வைத்துவிட்டுப் போகவும் பயம், எடுத்துக்கொண்டு போகவும் பயம். வாசலில் கிடந்த பாம்பைக் கூடையில் போட்டுவிட்டு, கூடையைக் கீழே வைக்கத் தெரியாமல் சுமந்து திரிகிறவன் நிலைமைதான்.

அந்த ஞாயிறு குளிர் இறங்கியிருந்தது. காலையில் விரல்கள் கட்டைபோல் ஆகிவிட்டன. ஆராதனை தொடங்கிய சிறிது நேரத்தில் வயிறு கடமுடா என்றது. தானே சமைத்துத் தின்ற வினை. ஆண்கள் கழிப்பறையில் ஆள் இருந்தது. பொறுக்க முடியாமல் பின்பக்கம் நடந்து, குழந்தைகள் அறைக்கு எதிரே இருக்கும் சின்னக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

பெல்ட்டை அவிழ்த்தால் அந்தக் கனம் கால்சட்டையையே இழுத்துக்கொண்டு தரையில் விழும். அதனால் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து, தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல், அழகாக, வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். எல்லாம் முடிந்து எழுந்ததும் பொத்தானோடு யுத்தம் ஆரம்பித்தது. கட்டைவிரல் வரவில்லை. சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் தள்ளிப் பார்த்தார். பெல்ட்டின் ஊசி துளைக்குள் போக மறுத்தது. வெளியே ஏதோ ஒரு குழந்தை கதவைத் தட்டியது. "வரேன் கண்ணு, வரேன்," என்று சொல்லிக்கொண்டே நெற்றி வியர்க்கப் பெல்ட்டை ஒருவழியாக மாட்டினார். அந்த வெற்றியில் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டார்.

முன்கூடத்துக்கு வந்து, சுவரில் சாய்ந்து, பாஸ்டர் லானியின் பிரசங்கத்தைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தார். பல வருஷப் பழக்கத்தில் வலது முழங்கை தானாகப் போய் இடுப்பைத் தொட்டது. அங்கே வெறும் உறைதான் இருந்தது.

ஓடவில்லை. காவல் குழுத் தலைவன் ஓடினால் சபை முழுவதும் எழுந்து ஓடும். நடந்தார். அந்த நடைபாதை அன்றைக்கு இருந்த நீளம் வேறு எந்த நாளும் இருந்ததில்லை. கழிப்பறைக் கதவு உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது. உள்ளே ஒரு சின்னக் குரல், ராகமில்லாமல், தனக்குத் தானே பாடிக்கொண்டிருந்தது.

"கண்ணு," என்றார் வெர்லின். பாட்டு தொடர்ந்தது. மறுபடி சொன்னார். "கண்ணு, எதையும் தொடாதே. கதவைத் திற."

பாட்டு நின்றது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. லாரி ஒருமுறை பாலத்தில் வழுக்கியபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்பதற்கு மேல் ஜெபம்கூட வரவில்லை. தாழ் விலகியது. நாலைந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது. தொட்டி மூடிமேல் ஒன்றும் இல்லை.

"நான் தொடலை," என்றது குழந்தை, எதை என்றே தெரியாமல்.

"நீ உள்ள போ செல்லம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ட்வைலா. குழந்தையை அறைக்குள் அனுப்பிவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். அவள் கையில் குழந்தைகளின் மாற்றுத் துணியால் சுற்றிய ஒன்று இருந்தது.

"பிள்ளைங்களை அனுப்புறதுக்கு முன்னாடி நான் எப்பவும் உள்ள ஒரு தடவை பாத்துடுவேன்," என்றாள். "தரை ஈரமா இருந்தா வழுக்கும்னு."

துணியைப் பிரித்தாள். மேகசின் தனியாக இருந்தது. குழலிலிருந்து எடுத்த தோட்டா தனியாக இருந்தது. ஸ்லைடு முழுக்கப் பின்னால் இழுத்து நிறுத்தப்பட்டிருந்தது. வெர்லின் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து ஓட்டுகிற அந்தக் கை அதை இழுத்திருக்கிறது.

"எடுத்துக்கங்க. முன்வாசல்ல ஆள் குறையுது."

எடுத்தார். ஸ்லைடை விட்டு மூடினார், பிறகு மேகசினைச் செருகினார். அப்படியே உறைக்குள் போட்டார்.

"இழுக்கலையா?"

"வேணாம். இருக்கட்டும்."

அவள் அவருடைய கட்டைவிரல்களைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "ஓனீட்டா ஊர்ல இல்லைல்ல?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று வெர்லினுக்குத் தெரிந்தது. தலையை மட்டும் ஆட்டினார். அழுகை வந்தது. அதையும் அவள் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்து, தரையில் கிடந்த பொம்மை ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்தார்.

"நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லப் போறதில்ல, பிரதர் வெர்லின். நீங்களே சொல்லுங்க. அதான் மரியாதையா இருக்கும். ஆனா இந்தப் பக்கம் மட்டும் இனிமே வராதீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். குழந்தைகளின் பாத்ரூம் பக்கம் வராதே என்று ஒருத்தி பொறுமையாகச் சொல்லும்படி ஆகிவிட்டதே என்பதுதான் அன்றைக்கு முழுவதும் அறுத்தது.

புதன்கிழமை சாப்பாட்டில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். சொல்ல வேண்டிய வார்த்தைகளைக் காரில் வரும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டார். பீன்ஸும் சோளரொட்டியும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ட்வைலா தன் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, மேஜை ஓரத்தில் உட்கார்ந்தாள். வெர்லின் கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்து நிற்க வேண்டியதுதான் பாக்கி, அந்த நேரம் பார்த்து டப் வாயைத் திறந்தான்.

"எல்லாரும் உஷாரு. ட்வைலா பையோட வந்திருக்கா. இன்னிக்கு யாரைக் கிள்ளப் போறாளோ."

கூடம் குலுங்கியது. சிரித்துக்கொண்டே எல்லோரும் வெர்லினைப் பார்த்தார்கள், ஏனென்றால் அது அவருடைய நகைச்சுவை, மேலே அவர்தான் ஏற்ற வேண்டும். ட்வைலாவும் பார்த்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

வெர்லின் சிரித்தார்.

வாய் தானாக விரிந்தது, சத்தம் தானாக வந்தது. ட்வைலா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். அங்கே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெர்லின் கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டார். சொல்ல வந்த வார்த்தைகள் எல்லாம் அப்படியே இருந்தன, சொல்கிற யோக்கியதைதான் போய்விட்டது.

சனிக்கிழமை ஓனீட்டா திரும்பி வந்தாள். பேத்தியின் படத்தை ஆயிரம் கோணத்தில் காட்டினாள். மறுநாள் காலை அடுப்பில் ரொட்டியை வைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்து, துப்பாக்கியை எடுத்தாள். ஸ்லைடை லேசாக நகர்த்திக் குழலுக்குள் பார்த்ததும் நின்றாள்.

"இதை நான் ஏத்தி வெச்சுட்டுத்தானே போனேன்? யாரு எடுத்தா?"

வெர்லின் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. மாடுகளைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். டெக்ஸாஸ் கடை, தண்ணீர்த் தொட்டி, பாடிய குழந்தை, துணிச் சுருணை, எதையும் மறைக்கவில்லை. ஓனீட்டா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ரொட்டி லேசாகக் கருகுகிற வாசனை வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

"ட்வைலா யார்கிட்டயாவது சொன்னாளா?"

"இல்ல."

"நீ?"

"புதன்கிழமை சொல்லத்தான் போனேன். டப் அவளைக் கிண்டல் பண்ணான். அதே கிண்டல், நான் சொன்னது."

"அதுக்கு நீ என்ன சொன்னே?"

"சிரிச்சேன்," என்றார்.

ஓனீட்டா துப்பாக்கியை அவர் பக்கமாக மேஜையில் நகர்த்தி வைத்தாள். கோபமாகக்கூட வைக்கவில்லை.

"அப்போ நீயே இழுத்துக்கோ," என்றாள். எழுந்து போய் ரொட்டியை வெளியே எடுத்தாள்.

அன்றைக்கு அவர் வெறும் இடுப்போடு சர்ச்சுக்குப் போனார். கோட்டு மட்டும் மாட்டியிருந்தார். முன்கூடத்தில் மூன்று பேரும் காபியோடு நின்றார்கள். டப் வழக்கம்போல் தோளில் கை போட்டு, வலது இடுப்பில் ஒரு தட்டு தட்டினான். அவன் கை வெறும் துணியில் பட்டது.

"என்னய்யா, எங்க உன் பீரங்கி? ஓனீட்டா பிடுங்கி வெச்சுட்டாளா?"

ட்வைலா ஒரு கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வழியாகப் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கும் தூரம்தான்.

"டப், நாளைக்கு உன் கடைக்கு வரேன்," என்றார் வெர்லின். "முப்பத்திரண்டுல சின்னதா ஒண்ணு எடுத்து வை. குழல் மேல எழும்புமே, இழுக்க வேணாமே, அது. எனக்குத்தான். என் கைக்குப் பெரிசை இழுக்க வராது, ரெண்டு வருஷமா ஓனீட்டாதான் இழுத்துக் கொடுத்தா. போன ஞாயித்துக்கிழமை அதைப் பிள்ளைங்க பாத்ரூம்ல வெச்சுட்டு வந்துட்டேன், தோட்டா ஏத்தினபடி. ட்வைலா பாத்து எடுக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்னு தெரியல. வாசலை இனி அவ பாத்துக்கட்டும். எனக்கு அந்த யோக்கியதை இல்ல."

அடுத்த நொடி டப் வெடித்துச் சிரித்தான். மற்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் காபியைக் கீழே வைத்துவிட்டுத் தொடையைத் தட்டினான்.

"வெர்லினும் முப்பத்திரண்டும்," என்றான் டப், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பாத்ரூம்ல வெச்சுட்டாராம். முகத்தை எப்படி வெச்சுக்கிட்டுச் சொல்றான் பாரு. சரி சரி, அப்புறம்? மேல சொல்லு."

மூன்று பேரும் மீதிக் கதைக்காக அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு ஆயுசு முழுக்க அவர்தான் அவர்களை அப்படிப் பழக்கியிருந்தார். ட்வைலா நடைபாதையில் நின்றுவிட்டிருந்தாள், குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல்.

வெர்லின் இரண்டு கைகளையும் கோட்டுப் பைகளிலிருந்து வெளியே எடுத்து, அவர்களுக்கு முன்னால் நீட்டினார். முதல் வார்த்தையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.